பதினேழு ஆட்சேபணைகளும் ஒரு காய்ச்சலும்

காப்புரிமை அலுவலக ஆய்வாளர் ஒருவரின் காய்ச்சலை, ஒருவர் தவிர மற்றெல்லோரும் அவரை நேரில் பார்த்தே இராத முப்பத்தேழு பேர் தங்களுக்குள் பிரித்து எடுத்துக்கொண்டது ஒரு செவ்வாய்க்கிழமை மதியம், இரண்டு மணிக்கும் இரண்டே காலுக்கும் இடையில். நூற்று நாலரை டிகிரியில் கொதித்துக்கொண்டிருந்தவர் தொண்ணூற்றெட்டரைக்கு இறங்கினார். அந்த ஆறு டிகிரியில் துணிக்கடைக்காரருக்குக் கால் டிகிரி போயிற்று. பெண்கள் பள்ளித் தலைமையாசிரியைக்கு அதைவிடச் சற்றுக் குறைவு. வங்கிக் காசாளருக்குக் கண் எரிச்சல் மட்டும்தான், அதுவும் அவர் வழக்கமாகச் சொல்லிக்கொள்வது என்பதால் யாரும் கணக்கில் எடுக்கவில்லை. ஒருவரும் அன்று அரை நாள் விடுப்புக்கூடப் போடவில்லை.

அந்த ஆய்வாளருக்கு அலுவலகத்தில் கமா சார் என்று பெயர். மூன்று பக்க விண்ணப்பத்தில் ஒரு கமா இடம் மாறியிருந்தாலும் திருப்பி அனுப்பிவிடுவார். ஆனால் அவர் குரல் உயர்த்தி யாரும் கேட்டதில்லை. தேநீரைத் தன் சட்டையில் கொட்டிய கடைநிலை ஊழியரிடம் மன்னிப்புக் கேட்டவர் அவர். பெற்றோர் போய்ச் சேர்ந்துவிட்டார்கள், கல்யாணம் ஏனோ தட்டிக்கொண்டே போய்விட்டது. ஒரு மாடி அறை, ஒரு தொலைபேசி, மேசை நிறைய அடுத்தவர்களின் கண்டுபிடிப்புகள், இவ்வளவுதான் அவர் குடும்பம். யாரையும் திட்டும் அளவுக்கு நெருங்க அவருக்கு வாய்க்கவில்லை என்பதுதான் உண்மை. இந்தக் குறை எவ்வளவு பெரிதென்று அப்போது அவருக்குத் தெரியாது.

தலைநகரிலிருந்து ஆறு மணி நேரப் பயணத்தில் இருந்த ஒரு சிற்றூரின் தொலைபேசி நிலையத்தில், இணைப்புப் பலகைக்கு முன்னால் காதில் கருவி மாட்டி உட்கார்ந்திருந்தவரை ஊரே எக்ஸ்சேஞ்ச் அக்கா என்றது. அவரைவிட மூத்தவர்களும் அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். லைனில் வரும் இரைச்சலைக் குறைக்கப் பழைய ரிசீவரின் தகட்டையும் செப்புக் கம்பிச் சுருளையும் வைத்து அவர் ஒரு வட்ட மூடி செய்தார். ரிசீவரின் கேட்கும் பக்கத்தில் அதை மாட்டிக்கொண்ட முதல் நாளே அண்ணன் மகள் வீட்டிலிருந்து கூப்பிட்டாள். எட்டு வயதுப் பெண், நூற்று மூன்று டிகிரி காய்ச்சல். மழையில ஆடாதேன்னு எத்தனை தடவை சொன்னேன் என்று அத்தை ஒரு பிடி பிடித்தார். பிடித்து முடிக்கும்போது அத்தைக்கு உடம்பு சுட்டது, குழந்தை பசிக்கிறது என்றாள். இரைச்சல் அப்படியே இருந்தது.

அக்கா கெட்டிக்காரர். மூடியை எடுத்துக்கொண்டு நேரே அரசு மருத்துவமனைக்குப் போய், குழந்தைகள் வார்டில் முப்பது படுக்கைக்கும் ஒவ்வொன்று செய்து தருகிறேன் என்றார். தலைமை மருத்துவர் சிரிக்கவில்லை. ஆனால் முத்திரை போட்ட காப்புரிமைச் சான்று இல்லாத எந்தக் கருவியும் வார்டுக்குள் வர முடியாது என்று சொல்லிவிட்டார். அந்த முப்பது படுக்கைக்காகத்தான் அக்கா விண்ணப்பம் போட்டார். அது கமா சார் மேசைக்கு வந்தது.

முதல் ஆட்சேபணை, கம்பியின் நீளம் குறிப்பிடப்படவில்லை என்பது. மூன்றாவது, சூடு போகும் என்றால் எந்த வழியாக என்பது. ஆறாவதில், எதிர்முனையில் இருப்பவர் நோயாளிக்கு 'வேண்டியவராக' இருக்க வேண்டும் என்று அக்கா எழுதியிருந்ததைப் பிடித்துக்கொண்டு, வேண்டியவர் என்பதற்கு அளவுகோல் என்ன என்று கேட்டார். பாசம் என்று பதில் வந்தது. பாசத்தின் அலகு என்ன என்று எட்டாவது ஆட்சேபணை போயிற்று. அக்கா ஒரு மாதம் அவகாசம் கேட்டு, ஊரில் எல்லோரிடமும் விசாரித்துவிட்டு, யாருக்கும் தெரியவில்லை என்று நேர்மையாகப் பதில் எழுதினார். ஒவ்வொரு கடிதத்துக்கும் சரியாக இரண்டு மாதத்தில் பதில் வந்துவிடும், ஒரு நாள் முன்னே பின்னே கிடையாது.

விவரத்தைப் படித்து, அந்தத் தொழில் தெரிந்த எவர் செய்தாலும் அதே பலன் வர வேண்டும் என்பது காப்புரிமையின் அடிப்படை விதி. பதினோரு வருடத்தில் நான்கு முறை அக்கா மூடியைக் கைப்பையில் வைத்துக்கொண்டு தலைநகர் வந்தார். நான்கு முறையும் கமா சார் வாயில் தெர்மாமீட்டரோடு கால் மணி நேரம் ரிசீவரைக் காதில் வைத்திருந்தார், மறுமுனையில் காய்ச்சல்காரர் யாராவது முனகிக்கொண்டிருந்தார். பாதரசம் அசையவில்லை. பலன் இல்லை என்று எழுதும்போதெல்லாம் அவருக்கு மனசு சங்கடப்பட்டது. தேநீர் வரவழைத்துக் கொடுப்பார், பேருந்து நிறுத்தம் வரை கூடவே நடப்பார், பேருந்து புறப்பட்ட பிறகும் கொஞ்ச நேரம் அங்கேயே நிற்பார். அக்காவின் விண்ணப்பக் கோப்பை மட்டும் பொது அலமாரியில் வைக்காமல் தன் மேசை இழுப்பறையில் வைத்திருந்தார்.

அங்கே ஊரில் நிலைமை வேறு. ஒவ்வொரு ஆட்சேபணை வரும்போதும் அக்கா இணைப்புக் கொடுக்கிற போக்கில் ஊருக்கே விஷயத்தைச் சொல்லிவிடுவார். துணிக்கடைக்காரர் அளவுகோலைக் கீழே வைத்துவிட்டுத் திட்டுவார். தையற்காரர் வாயில் ஊசியோடு திட்டுவார். அந்த ஆளுக்கு வேற வேலையே இல்லையா, கண்ணு தெரியுமா தெரியாதா என்று ஆரம்பித்து, கடைசியில், பாவம், அவனும்தான் என்ன செய்வான், ரூல் அப்படி என்று முடிப்பார்கள். பதினோரு வருடம் இது தவறாமல் நடந்தது. சொந்தக்காரர்களைக்கூட அந்த ஊர் அவ்வளவு அக்கறையாகத் திட்டியதில்லை.

பதினாறாவது பதிலுக்குப் பிறகு இரண்டு மாதம் கழிந்து ஒன்பது நாளாகியும் கடிதம் வரவில்லை. அக்காவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. அலுவலகத்துக்குக் கூப்பிட்டதில், சார் படுத்த படுக்கையாக இருக்கிறார், காய்ச்சல் இறங்கவே மாட்டேனென்கிறது, டாக்டர் கையை விரித்துவிட்டார் என்று தெரிந்தது. மாடி அறை எண்ணை வாங்கிப் போட்டார். வெகுநேரம் அடித்த பிறகு ரிசீவரை எடுத்தவர், பதில் தாமதமானதற்கு வருந்துகிறேன் என்றுதான் முதலில் சொன்னார்.

"சார், பேசாம ரிசீவரைக் காதுல வெச்சுட்டுப் படுங்க. வைக்காதீங்க, அவ்வளவுதான்" என்றார் அக்கா.

மூடியை மாட்டியதும் சூடு அக்காவுக்கு வந்தது. ஒரு டிகிரிக்கு மேல் தாங்காது என்று பட்டதும் மூடியை இணைப்புப் பலகையிலேயே பொருத்தி, அதில் இருந்த அத்தனை துளையிலும் செருகிகளைக் குத்தி, ஊரில் மதியம் வீட்டிலும் கடையிலும் இருந்தவர்களை ஒரே லைனில் சேர்த்துவிட்டார். அக்காவையும் சேர்த்து நாற்பது பேர். இரண்டே காலுக்குக் கமா சார் எழுந்து உட்கார்ந்து, முகம் கழுவி, ஒன்பது நாளில் முதல் தடவையாகப் பசிக்கிறது என்று சுவரிடம் சொன்னார்.

வேறு ஒருவராக இருந்தால் நன்றி சொல்லிச் சான்றில் முத்திரை குத்தியிருப்பார். இவர் மறுநாளே அலுவலகம் போய் நாற்பது பேருக்கும் கேள்வித்தாள் அனுப்பினார். எனக்கும் உங்களுக்கும் என்ன உறவு? முன்பு எப்போதாவது என்னைப் பற்றிப் பேசியதுண்டா? சூடு வந்ததா? முப்பத்தேழு பேர் வந்தது என்றார்கள், மூன்று பேர் வரவில்லை என்றார்கள். அந்த மூன்று பேரும் போன மாதம்தான் ஊருக்குக் குடிவந்தவர்கள். மற்ற முப்பத்தேழு பேரும் உறவு எதுவும் இல்லை என்று எழுதிவிட்டு, இரண்டாம் கேள்விக்கு, மன்னிக்கவும், திட்டியிருக்கிறோம் என்று எழுதியிருந்தார்கள். தலைமையாசிரியை தான் திட்டியதை அழகான கையெழுத்தில் பிரதியெடுத்து இணைத்திருந்தார். அதன் கடைசி வரியில் இருந்த 'பாவம்' என்ற சொல்லை, கமா சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு இன்னொரு தடவை படித்தார். தன்னை இத்தனை பேர் நினைத்துக்கொண்டிருந்தார்கள் என்பது அவருக்குப் புதுச் செய்தி.

பிறகு சோதனைகள் முறையாக நடந்தன. அலுவலகத்தில் தினமும் சண்டை போட்டுக்கொண்டு சேர்ந்தே சாப்பிடப் போகும் இரண்டு எழுத்தர்களை வைத்துச் செய்ததில் பலன் இருந்தது. வன்மம் வைத்துத் திட்டியவர்களுக்கு வரவில்லை. காசு கொடுத்து நடிக்கச் சொன்ன நாடகக்காரருக்கும் வரவில்லை. ஆய்வாளருக்கு, அதாவது அவருக்கே, ஐந்தாவது முறையும் வரவில்லை. காரணம் இப்போது தெளிவாக இருந்தது, அவர் வாழ்க்கையில் யாரையும் திட்டியதில்லை. பதினேழாவது ஆட்சேபணையில் இப்படி எழுதினார்: எதிர்முனையில் இருப்பவர் நோயாளியை முன்பு ஒரு தடவையேனும் நடிப்பின்றி, மனதாரத் திட்டியிருக்க வேண்டும் என்ற இன்றியமையாத அம்சம் விண்ணப்பத்தில் விடுபட்டுள்ளது. சேர்த்தால் பரிசீலிக்கலாம். அக்கா சேர்த்தார். இரண்டு மாதத்தில் சான்று போயிற்று, முத்திரையோடு.

அடுத்த இருபது வருடம் குழந்தைகள் வார்டின் தாழ்வாரத்தில் அத்தைகளும் சித்தப்பாக்களும் வரிசையில் நின்று காய்ச்சல் வாங்கிக்கொண்டு போனார்கள். ஏற்கெனவே திட்டியவர்கள் மட்டும் வரிசையில் நிற்கவும் என்று அங்கே ஒரு பலகை தொங்கியது. செல்போன்கள் வந்தன, மூடி சட்டைப் பொத்தான் அளவுக்குச் சிறுத்தது. காப்புரிமைக் காலம் முடிந்து யார் வேண்டுமானாலும் செய்து விற்கலாம் என்றானபோது சோப்பு விலைக்குக் கிடைத்தது. தொலைபேசி நிலையம் மூடப்பட்டு அக்கா ஓய்வு பெற்றார், கமா சாரும் ஓய்வு பெற்றார். அதன் பிறகு அவருக்குக் காய்ச்சலே வரவில்லை. வந்தால் வாங்கிக்கொள்ள நாடெங்கும் அவர் திருப்பி அனுப்பிய கண்டுபிடிப்பாளர்கள் ஆயிரக்கணக்கில் இருந்தார்கள். லேசாகத் தும்மினாலே யாராவது ஒருவர் போன் செய்து எடுத்துக்கொண்டுவிடுவார். இரண்டு மாதத்துக்கு ஒரு முறை அவருக்கும் அக்காவுக்கும் கடிதப் போக்குவரத்து மட்டும் நின்றுபோகாமல் தொடர்ந்தது. எதைப் பற்றி என்று கேட்டால் இருவருக்கும் சொல்லத் தெரியாது.

அறுபத்தோரு வயதில் அக்கா மழையில் நனைந்துகொண்டே மொட்டைமாடியில் ஏறி டி.வி. ஏரியலைத் திருப்பப் போய், காய்ச்சலில் விழுந்தார். நூற்றைந்து டிகிரி. ஊரே பொத்தானை மாட்டிக்கொண்டு போனை எடுத்தது. எடுத்த பிறகுதான் விஷயம் உறைத்தது: அந்த ஊரில் அக்காவை ஒருவரும் திட்டியதில்லை. மனசே வந்ததில்லை. துணிக்கடைக்காரர் மகன், போங்கக்கா, நீங்க ரொம்ப மோசம் என்று முயன்று பார்த்து, பாதியில் அழுதுவிட்டார். அண்ணன் மகளுக்கு இப்போது முப்பத்தொன்பது வயது. அவளும் அத்தையை ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசியவள் இல்லை. இரண்டு நாள் மாத்திரைக்கும் அசையவில்லை. மூன்றாம் நாள் மதியம் அவள் கமா சாருக்குப் போன் செய்து விஷயத்தைச் சொல்லி, நீங்கதான் அத்தைக்கு ரொம்ப நாளா ஆட்சேபணை சொன்னவர் என்றாள்.

அவர் போனில் பொத்தானை மாட்டிக்கொண்டு அக்காவின் எண்ணைப் போட்டார். வாயோரத்தில் தெர்மாமீட்டர். முதலில், தங்கள் செயல் பொறுப்புள்ள ஒருவரின் செயலாகத் தோன்றவில்லை என்று ஆரம்பித்தார். பாதரசம் அசையவில்லை. பாதுகாப்பு விதிகளை எடுத்துச் சொன்னார். அசையவில்லை. மறுமுனையில் மூச்சு சின்னதாக, ஒழுங்கில்லாமல் கேட்டது. மேசைமேல் அக்காவுக்கு எழுதிப் பாதியில் நின்ற கடிதம் கிடந்தது. அதைப் பார்த்தார். அறுபத்தைந்து வருடமாக உள்ளே மடித்து வைத்திருந்த குரல் என்னவோ வெளியே வந்துவிட்டது.

"உனக்கு அறிவிருக்கா? அறுபத்தோரு வயசுல, கொட்டுற மழையில மாடி ஏறச் சொல்லி யாரு அழுதா? ஊர்ல ஒரு மெக்கானிக்கூடவா இல்ல? பெரிய இவளா நீ? நீ பாட்டுக்குப் போயிட்டா நான் யாருக்கு லெட்டர் போடறது, சொல்லு!"

கீழ்வீட்டுக்காரர்கள் சத்தம் கேட்டுப் படியேறி வந்து கதவருகில் நின்றார்கள். மறுமுனையிலிருந்து அக்காவின் குரல் வந்தது.

"சார், இன்னும் கொஞ்சம் திட்டுங்க."

அவர் திட்டினார். கால் மணி நேரம், எழுதி வைத்ததுபோலத் தடையில்லாமல், முப்பத்தொரு வருடத்துக்கும் சேர்த்துத் திட்டினார். மூன்றரை டிகிரி இந்தப் பக்கம் வந்தது. மீதியை அங்கே மாத்திரை பார்த்துக்கொண்டது. அன்று மாலையே அக்கா எழுந்து உட்கார்ந்து, ஏரியலை யார் சரி செய்தார்கள் என்று கேட்டாராம்.

கமா சார் உடம்பெல்லாம் நடுங்க இழுப்பறையைத் திறந்து, ஓய்வு பெறும்போது அனுமதி வாங்கிக் கொண்டுவந்திருந்த அந்த விண்ணப்பக் கோப்பை எடுத்தார். நாள், நேரம், நூற்றிரண்டு டிகிரி என்று எழுதி, ஆறாம் முறை, ஆய்வாளரிடம் பலன் உண்டு என்று குறித்தார். அதன் கீழே, ஆட்சேபணை இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். அதற்குள் செய்தி பரவிவிட்டது. முப்பத்தேழு பேரில் மிச்சம் இருந்தவர்களும், நாடெங்கும் அவரைத் திட்டியிருந்த கண்டுபிடிப்பாளர்களும், காய்ச்சலை வாங்கிக்கொள்ள ஒருவர் மாற்றி ஒருவர் கூப்பிட ஆரம்பித்தார்கள். அவர் போர்வையைக் கழுத்து வரை இழுத்துக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தார். போன் இரண்டு நாள் அடித்துக்கொண்டே இருந்தது. அவர் எடுக்கவே இல்லை.