தேவயானி திரும்பிப் பார்க்கவில்லை

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஓர் அலுவலக மின்னஞ்சலிலிருந்து வந்தது. "ஆண்டறிக்கைக்கு ஒரு வெற்றிக் கதை வேண்டும். ஒரு பக்கம், ஒரு புகைப்படம். வெள்ளிக்கிழமைக்குள்." அனுப்பியவர் எங்கள் ஆய்வின் மேற்பார்வையாளர் பார்த்திபன் சார். அந்த வெள்ளிக்கிழமை போய் ஏழு மாதம் ஆகிறது. ஒரு பக்கம் என்பதும் கைமீறிவிட்டது.

நான் எழுத்தாளர் இல்லை. [இதை அடித்துவிடலாமா? எழுத்தாளர்கள்தான் இப்படிச் சொல்வார்கள்.] செங்கத்துக்காரி. ஜவ்வாது மலையில் சின்னக் குழந்தைகளின் வளர்ச்சியை அளக்கும் ஓர் ஆய்வில் வேலை பார்க்கிறேன். பதினெட்டு மலையூர்கள். பாதி ஊர்களில் செவிலியர் பதினைந்து நாளுக்கு ஒருமுறை வீட்டுக்கே வந்து, குழந்தையோடு எப்படிப் பேசுவது, எதை வைத்து விளையாட்டுக் காட்டுவது என்று அம்மாக்களுக்குச் சொல்லித்தருவார். மறுபாதியில் வழக்கமான தடுப்பூசியும் எடை பார்ப்பதும் மட்டும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை நான் ஒரு பையோடு போய் எல்லாக் குழந்தைகளையும் சோதிப்பேன். பையில் மரக்கட்டைகள், சிவப்புப் பந்து, பட அட்டைகள்.

எந்த ஊர் எந்தப் பாதி என்று எனக்குத் தெரியக் கூடாது என்பது விதி. தெரிந்தால் மதிப்பெண் போடும் கை தாராளமாகிவிடுமாம். (தெரியும். தொட்டிலில் பாட்டில் மூடிகளைக் கோத்த மாலை தொங்கினால் அது மஞ்சுளா அக்கா வந்துபோகும் வீடு. சந்தவாசலிலிருந்து மலையேறி வேலைக்கு வரும் செவிலியர் அவர். எந்தக் கடையில் சோடா குடித்தாலும் மூடியைக் கேட்டு வாங்கிக்கொள்வார். இதை சாரிடம் சொல்லிவிடாதீர்கள்.)

2

தொடக்கம், முதல் முயற்சி:

"மேகங்கள் தவழும் ஜவ்வாது மலையின் மடியில், சாமைக் கதிர்கள் தலையசைத்து வரவேற்க"

போதும். நான் போன அன்று மேகமே இல்லை. வெயில் மண்டையைப் பிளந்தது. சாமை அறுத்து முடித்து ஒரு மாதம்.

இரண்டாவது முயற்சி:

தேவயானிக்கு வயது இருபது மாதம். இது உண்மை. இதையே வைத்துக்கொள்வோம். அம்மா மங்கம்மாள், அப்பா வெற்றிச்செல்வன். மேட்டு நிலத்தில் சாமை போடுகிறார்கள், பருவத்தில் புளி உலுக்குகிறார்கள். ஐந்து ஆடு, ஒரு குட்டி.

தேவயானியைப் பார்த்த உடனே எனக்குப் பிடித்துவிட்டது. கட்டைகளை முன்னால் வைத்தேன். அவள் வயதுக்கு நான்கைந்து அடுக்கினால் போதும். அவள் எட்டு அடுக்கினாள். ஒன்பதாவது கட்டை என் பையில் இல்லை என்று தெரிந்ததும் பையையே கவிழ்த்துப் பார்த்தாள். பந்தைத் துணிக்கடியில் ஒளித்தால் நொடியில் எடுத்துவிட்டாள்.

பிறகு பட அட்டை.

"தேவயானி, நாய் எங்க? காட்டு."

அவள் என் முகத்தைப் பார்த்துச் சிரித்தாள்.

"கப்பல் எங்க?"

அதே சிரிப்பு. பன்னிரண்டு படத்துக்கும் பன்னிரண்டு சிரிப்பு. மதிப்பெண் பூஜ்யம்.

இந்த இடத்தில் விதி தெளிவாக இருக்கிறது. ஒரு பகுதியில் இவ்வளவு குறைந்தால் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குச் சீட்டு எழுதி அனுப்ப வேண்டும். நான் எழுதவில்லை. அட்டையைத் திருப்பிப் பார்த்தேன். மலைக்குழந்தைக்குக் கப்பலைக் காட்டினால் எப்படித் தெரியும்? நாய்கூட நம் நாய் இல்லை, தரையைத் தொடும் சடையோடு ஏதோ வெளிநாட்டு நாய். எனக்குக் கோபம் வந்தது. அந்தக் கோபம் சுகமாகவும் இருந்தது. குறிப்புப் பத்தியில் எழுதினேன்: "குழந்தை மிகச் சூட்டிகை. படங்கள் பழக்கமில்லாதவை. பிழை சோதனையில்தான்."

பார்த்திபன் சாருக்கு அந்தக் கடைசி வரி மிகவும் பிடித்துப்போயிற்று. கூட்டத்தில் வாசித்துக் காட்டினாராம். வெற்றிக் கதை கேட்டு மின்னஞ்சல் வந்தது அதனால்தான்.

3

எந்தக் கதையிலும் எழுதுகிறவருக்கு நம்பிக்கை வராத ஒரு பாத்திரம் இருக்கும். இதில் அது நான்.

அன்று புறப்படும்போது மங்கம்மாள் வாசல்வரை வந்தாள். "அக்கா, இது கூப்ட்டா வரமாட்டேங்குதுக்கா" என்றாள்.

நான் செருப்பை மாட்டிக்கொண்டே, "கொழந்தைங்கன்னா அப்டித்தான் மங்கம்மா" என்றேன்.

முதல் மூன்று பிரதிகளில் இந்த உரையாடல் இல்லை. எடுத்துவிட்டிருந்தேன். கதைக்குத் தேவையில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இப்போது திரும்ப வைக்கிறேன்.

4

அந்தச் சோதனை முடிந்து நான்கு மாதம் கழித்து, மின்னஞ்சல் கேட்ட புகைப்படத்துக்காக மறுபடி போனேன். அன்று மஞ்சுளா அக்கா வரும் நாள். தேவயானியைச் சுற்றி நாங்கள் மூன்று பேர். அவள் வாசலுக்கு முதுகு காட்டிக் கட்டை அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"தேவயானி! இங்க பாரு! ஆடு பாரு!" என்று கத்தினேன். கைதட்டினேன். மஞ்சுளா அக்கா நாக்கைச் சொடுக்கினார். திரும்பவில்லை. சரி, எப்போது திரும்புகிறாளோ அப்போது விழட்டும் என்று செல்போனில் விரலை அழுத்திப் பிடித்து, வரிசையாகப் படங்கள் எடுக்க ஆரம்பித்தேன்.

அந்த நேரம் பார்த்து ஆட்டுக்குட்டி உள்ளே பாய்ந்து, கழுவிக் கவிழ்த்திருந்த பாத்திர அடுக்கை மொத்தமாகச் சரித்தது. குண்டான், குடம், தட்டு, எல்லாம் சிமெண்டுத் தரையில். மஞ்சுளா அக்கா "யப்பா!" என்று துள்ளிவிட்டார். ஒரு நொடி தாமதமாக என் கையில் போனும் குதித்தது. குட்டியே பயந்து வெளியே ஓடியது.

சிரித்து ஓய்ந்து படங்களைப் பார்த்தேன். அந்த நொடியில் விழுந்த படத்தில் மஞ்சுளா அக்கா ஒரு வெள்ளைத் தீற்றல். மங்கம்மாளின் கை மட்டும் பாதி தெரிகிறது. ஆட்டுக்குட்டி புகைபோல இருக்கிறது. தேவயானி மட்டும் துல்லியமாக இருந்தாள். விரல் நுனியில் கட்டை, அடுக்கின் உச்சியில் கண். அவள் அசையவே இல்லை.

[இங்கே ஒரு பத்தி எழுதியிருந்தேன், மௌனத்தைப் பற்றி. நன்றாகவே இருந்தது. அடித்துவிட்டேன்.]

படத்தை மஞ்சுளா அக்காவிடம் நீட்டினேன். அவர் சிரிப்பு நின்றது. குழந்தைக்குப் பின்னால் போய், காதுக்குப் பக்கத்தில் தட்டையும் கரண்டியையும் மோதினார். குழந்தை கட்டையை அடுக்கிக்கொண்டே இருந்தது.

"இன்னா நர்சம்மா?" என்றாள் மங்கம்மாள். நாங்கள் பதில் சொல்வதற்குள், குழந்தையைக் கூப்பிடுவதற்காக அவள் பக்கத்தில் வந்து தரையில் காலை ஓங்கித் தட்டினாள். தரை அதிர்ந்ததும் தேவயானி சட்டென்று திரும்பி அம்மாவைப் பார்த்தாள்.

"ஏன் மங்கம்மா காலைத் தட்ற?"

"அப்டி தட்னாதாங்க்கா திரும்பும்."

"எப்பலருந்து?"

"எப்பவுமே அப்டித்தான்."

மஞ்சுளா அக்கா சுவரோடு சாய்ந்து உட்கார்ந்துவிட்டார். "பதினஞ்சு நாளைக்கு ஒருக்கா வந்து பாத்துக்கினுதான இருந்தேன். சிரிக்குது, கண்ணப் பாக்குது, வெளாட்டு காட்டுது. ஏமாந்துட்டேனே" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "உங்க சோதனையில இன்னா வந்துச்சு?" என்று கேட்டார்.

பூஜ்யம் என்றேன். பிழை சோதனையில் என்று எழுதியதையும் சொன்னேன். அவர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

5

திருப்பத்தூர் பயணம். இதை ஒரு தனிக் கதையாகவே எழுதலாம், அவ்வளவு கூத்து.

காதைச் சோதிக்கும் கருவிக்குக் குழந்தை தூங்க வேண்டும். அதற்காக அதிகாலையிலேயே எழுப்பிவிடச் சொல்லியிருந்தார்கள். எழுப்பினார்கள். மலைப் பேருந்தின் முதல் வளைவிலேயே தேவயானி தூங்கிவிட்டாள். கடைசி வளைவுவரை தூங்கினாள். திருப்பத்தூர் பேருந்து நிலையத்தில் இறங்கியதும் பளிச்சென்று விழித்துக்கொண்டாள்.

அதற்குப் பிறகு இரண்டரை மணி நேரம். மங்கம்மாள் மடியில் போட்டு ஆட்டினாள். நான் ஆட்டினேன். பால், பிஸ்கட், மறுபடி பால். பரிசோதனை செய்யும் பெண் ஒவ்வொரு முறை எட்டிப் பார்க்கும்போதும் தேவயானி அவளுக்குக் கையாட்டினாள். கடைசியில் வெற்றிச்செல்வன் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு நடைவழியில் நடந்தார். பத்து தடவை, இருபது தடவை. பிறகு ஆளைக் காணோம். தேடிப்போனால் மூலை பெஞ்சில் அப்பாவும் மகளும் தூங்குகிறார்கள், அவள் அவர் நெஞ்சின்மேல்.

"எழுப்பாதீங்க" என்று அந்தப் பெண் கருவியை அங்கேயே தள்ளிக்கொண்டு வந்தாள். குறட்டை விடும் அப்பாவின்மேல் படுத்திருந்த குழந்தையின் நெற்றியிலும் காதுக்குப் பின்னாலும் கம்பிகளை ஒட்டினாள். காதுக்குள் சின்னக் குழாய் வழியே ஒலியை அனுப்பினாள், திரையில் கோடுகள் ஓடின. ஏற வேண்டிய இடத்தில் ஏறவில்லை.

இரண்டு காதிலும் கேட்கும் திறன் மிகக் குறைவு, பிறவியிலிருந்தே இருக்கலாம் என்றார் மருத்துவர். காதுக் கருவி மாட்டலாம், வாரம் ஒருநாள் பேச்சுப் பயிற்சிக்கு வர வேண்டும், அதில் போதாவிட்டால் அறுவை சிகிச்சை இருக்கிறது. இரண்டு வயதில் கண்டுபிடித்தது நல்லது. இன்னும் முன்னால் என்றால் இன்னும் நல்லது. அதைச் சொல்லும்போது அவர் யாரையும் பார்க்கவில்லை. எனக்கு என்னைப் பார்த்ததுபோல இருந்தது.

மங்கம்மாள் அழுவாள் என்று எதிர்பார்த்தேன். (எழுதவும் எழுதிவிட்டேன்: "அவள் கண்களில் நீர்".) அவள் அழவில்லை. என்னிடம் கேட்டாள்:

"அப்போ அதுக்கு எம்மேல கோவம் இல்லியாக்கா?"

எனக்குப் புரியவில்லை.

"நர்சம்மா சொன்ன மாரியே பேசிக்கினே இருந்தேன். தண்ணி ஊத்துறேன், அடுப்பு பத்த வெக்கிறேன், ஆடு வருது பாருன்னு. காலைலருந்து வாய் ஓயாம. அம்மா பேசுனா புள்ள திரும்பிப் பாக்கும்னு சொன்னாங்க. இது ஒருநாளும் பாக்கல. மத்த புள்ளைங்கல்லாம் பாக்குது. எம் மூஞ்சியே அதுக்குப் புடிக்கல போலன்னு நெனச்சிக்கினேன்."

ஒன்றரை வருஷம் அப்படி நினைத்துக்கொண்டு, விடாமல் பேசியிருக்கிறாள்.

6

திரும்பி வந்து பார்த்திபன் சாரிடம் உள்ளதைச் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் பேனாவை மூடித் திறந்து மூடினார். "அதே குறிப்பை வேற எத்தனை குழந்தைக்கு எழுதியிருக்கீங்க?" என்றார். எடுத்துப் பார்த்தால் பதினொன்று. பதினொரு வீட்டுக்கும் மறுபடி ஏறினோம், இந்தமுறை மஞ்சுளா அக்காவும் சேர்ந்து, தட்டும் கரண்டியுமாக. ஒரு குழந்தைக்குக் காதில் சீழ், மருந்தில் சரியாயிற்று. மற்ற பத்தும் நன்றாகக் கேட்டன. அந்தப் பத்துக்கும் உண்மையிலேயே பிழை படத்தில்தான். (சடைநாயை மாற்றிவிட்டோம். இப்போது சாதாரண நாய்.)

காதுக் கருவி வந்த நாள். நீங்கள் எதிர்பார்ப்பது எனக்குத் தெரியும். நானும் எழுதிப் பார்த்தேன்:

"முதன்முதலாக அம்மாவின் குரலைக் கேட்டதும் தேவயானியின் முகத்தில்"

நடந்தது வேறு. மாட்டியதும் வீரிட்டாள். தன் வீரிடல் தனக்கே கேட்டதும் திடுக்கிட்டு நிறுத்தினாள். எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தாள், யார் கத்தியது என்பதுபோல. மறுபடி ஒருமுறை கத்திப் பார்த்தாள். தான்தான் என்று உறுதியானதும் வேண்டுமென்றே மூன்றாவது தடவை கத்தினாள்.

மறுநாள் கருவியைப் பிடுங்கி எங்கோ போட்டுவிட்டாள். வீடே சேர்ந்து ஒரு மூட்டைச் சாமையைச் சலித்து மத்தியானம் கண்டுபிடித்தார்கள்.

7

போன வாரம் இதை மங்கம்மாளிடம் வாசித்துக் காட்டினேன். புளியில் கொட்டை எடுத்துக்கொண்டே கேட்டாள். ஆஸ்பத்திரி இடம் வந்ததும் நிறுத்தச் சொன்னாள்.

"நான் அழுவலன்னு எழுதுனியே, நீ அழுதத எழுதலியே?"

எழுதிவிட்டேன்.

"சரி, முடிவு இன்னாக்கா?"

இரண்டு வைத்திருந்தேன். ஒன்றில் தேவயானி பள்ளிக்கூடத்தில் பாட்டுப் பாடுகிறாள். இன்னொன்றில் அறுவை சிகிச்சைக்குப் போகிறாள், கதவு மூடுகிறது. இரண்டையும் வாசித்தேன்.

மங்கம்மாள் கொட்டையைத் தட்டில் போட்டாள். "அது இன்னும் ஒரு பேச்சுகூடப் பேசல. அதுக்குள்ள நீ இன்னா முடிக்கிற?"

ஆகவே முடிவு இல்லை. இன்றைய நிலவரம் இது: புதன்கிழமைகளில் திருப்பத்தூர் பேருந்து. பெயரைச் சொன்னால் ஐந்தில் இரண்டு முறை திரும்புகிறாள். உதடு குவித்து ஏதோ முயல்கிறாள், காற்று மட்டும் வருகிறது. முதல் சொல் என்னவாக இருக்கும் என்று எங்களுக்குள் பந்தயம். மஞ்சுளா அக்கா "அம்மா" என்கிறார். வெற்றிச்செல்வன் "ஆடு" என்கிறார். என் கணிப்பு "வேணாம்", கருவியை மாட்டும்போதெல்லாம் கையால் அதைத்தானே சொல்கிறாள். உங்களுக்கு ஒரு சொல் தோன்றினால் இங்கே எழுதிக்கொள்ளுங்கள், இடம் விட்டிருக்கிறேன்: ................

மங்கம்மாளையும் கேட்டேன். அவள் பந்தயத்துக்கு வரவில்லை.

"இன்னா வேணா சொல்லட்டும்க்கா. நான் கேட்டுக்கினு இருப்பேன்."