அழாத பிள்ளைக்கு நட்சத்திரம்

மழலையர் வகுப்பில் எனக்கு இருபத்திரண்டு பிள்ளைகள். ஒன்று அழ ஆரம்பித்தால் வகுப்பே சேர்ந்து ஒப்பாரி வைக்கும். அதற்கு நான் ஒரு வழி கண்டுபிடித்தேன். நாள் முழுக்க அழாத பிள்ளைக்குச் சுவரில் தொங்கும் அட்டையில் ஒரு நட்சத்திரம். ஒரே மாதத்தில் வகுப்பு அடங்கிவிட்டது. தலைமையாசிரியை மற்ற டீச்சர்களைக் கூட்டிவந்து காட்டினார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

நட்சத்திரத்தில் முதலிடம் சிட்டுவுக்கு. நாலரை வயது. ஒரு வாரமாகக் காதைப் பொத்திக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். "என்னடா?" என்றால் சிரிப்பாள். நானும் விட்டுவிட்டேன்.

வெள்ளிக்கிழமை அவள் காதிலிருந்து சீழ் வழிந்து சட்டைக் காலரை நனைத்தது. தையல் கம்பெனியில் வேலை பார்க்கும் அவள் அம்மா பதறியடித்து ஓடிவந்தார். "இவ்ளோ வலிய வச்சுக்கிட்டு ஏன்டி வாயத் திறக்கல?" என்று முதுகில் ஓங்கி ஒன்று வைத்தார். அப்போதும் சிட்டு அழவில்லை. என்னைத்தான் பார்த்தாள்.

வாயை மூடிக்கொள்ளப் பழக்கியதே நான்தான். அதை அங்கேயே சொல்லியிருக்கலாம். "சின்னப் புள்ளதானே, விடுங்க" என்று ஒரு பேச்சுக்குச் சொல்லிவிட்டு, நல்லவளாக நின்றேன்.

சனியும் ஞாயிறும் அதை எப்படிச் சொல்வதென்று எனக்குள்ளேயே சொல்லிப் பார்த்தேன். திங்கட்கிழமை அந்த அம்மாவைப் பள்ளி வாசலிலேயே நிறுத்தி எல்லாவற்றையும் சொன்னேன்.

"அன்னிக்கே சொல்லியிருந்தா நான் கை நீட்டியிருக்க மாட்டேனே டீச்சர்" என்றார். அவர் நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

அட்டையைக் கழற்றினேன். "டீச்சர் தப்பு பண்ணிட்டேன். வலிச்சாலும், பயமா இருந்தாலும், கோவம் வந்தாலும் எங்கிட்ட சொல்லணும். அழுக வந்தா அழலாம்" என்றேன். ஒருவரும் நம்பியதாகத் தெரியவில்லை. தினமும் காலையில் ஒவ்வொரு பிள்ளை முன்னாலும் முட்டி போட்டு, "இன்னிக்கு மனசு எப்படி இருக்கு?" என்று கேட்டேன். சிட்டு எப்போதும், "நல்லா இருக்கு டீச்சர்" என்பாள்.

மூன்று வாரம் கழித்து, அவளாகவே வந்து என் கையைப் பிடித்து இழுத்தாள். உதடு துடித்தது.

"எனக்குக் கோவம்."

"யார் மேலடா?"

"உங்க மேல. அம்மா அடிச்சப்ப நட்சத்திரத்தப் பத்தி நீங்க சொல்லவே இல்ல."

சொல்லிவிட்டு ஓவென்று அழுதாள். மற்ற பிள்ளைகள் என் முகத்தையே பார்த்தார்கள்.

"ஆமாடா, சொல்லல" என்றேன்.

அவள் அழுது முடிக்கும்வரை எதிரே தரையில் உட்கார்ந்திருந்தேன். கண்ணைத் துடைக்க நீட்டிய என் கையை அவள் தட்டிவிட்டாள்.