பெட்டியில் வைக்கும்போது

இதை நான் சரியாகத்தான் நினைவு வைத்திருக்கிறேனா என்ற சந்தேகம் எனக்கே உண்டு. அனுப்பிய மைக்ராஸ்கோப்புகள் எட்டா பத்தா என்றுகூட உறுதியில்லை. அதில் ஒன்றுகூட உருப்படியில்லை என்பதில் மட்டும் சந்தேகமில்லை. அதைத் தவளை சாரே பிற்பாடு சொன்னார்.

விலங்கியல் வாத்தியாருக்குப் பிள்ளைகள் வைத்த பெயர் அது. அவரும் கோபப்படாமல் அந்தப் பெயருக்கே திரும்பிப் பார்ப்பார். இரண்டு அரசாங்கங்களும் கல்வி ஒப்பந்தம் போட்ட வருஷம், எல்லைக்கு அந்தப் பக்கம் இருந்த ஒரு பள்ளியை அவருடைய பள்ளிக்குத் தோழமைப் பள்ளி ஆக்கினார்கள். அங்கேயும் பேசுவது இதே மொழிதான்; வசதிதான் குறைவு. ஆய்வகக் கருவிகள் கொடுத்து உதவும்படி உத்தரவு வந்தது.

ஆய்வக மூலையில் பழைய மைக்ராஸ்கோப்புகள் கிடந்தன. திருகு தேய்ந்து குழாய் தானாகக் கீழே இறங்கும். லென்ஸில் பூஞ்சை. அடிக் கண்ணாடியில் விரிசல். முறைப்படி கழிவு செய்வதென்றால் குழு, தணிக்கை என்று ஒரு வருஷம் அலைய வேண்டும்.

"ஒரே கல்லுல ரெண்டு மாங்கா மேடம்" என்றார் தவளை சார்.

"தானம் குடுத்த மாட்டைப் பல்லைப் பிடிச்சா பாக்கப் போறாங்க" என்று சொல்லித் தலைமையாசிரியை கையெழுத்துப் போட்டார்.

உடைந்ததை மேலும் உடையாதபடி பஞ்சு சுற்றி, தன் கையாலேயே பெட்டிகளை ஆணியடித்து மூடினார் தவளை சார்.

மறுவருஷம் அந்தப் பள்ளியின் அறிவியல் டீச்சர் இரண்டு வாரப் பயிற்சிக்கு வந்தாள். வந்த அன்றைக்கே, தலைமையாசிரியையின் அறையில், டீயைக் கையில் எடுக்கும் முன்னால் சொன்னாள்.

"முதல்ல ஒரு மன்னிப்புக் கேக்கணும் சார். நீங்க அனுப்பின சாமான் எங்க கையில வந்து நாசமாப் போச்சு."

தவளை சார் டம்ளரைக் கீழே வைத்தார்.

"ஊரே கூடி நின்னு பெட்டியைத் திறந்தோம். ஒண்ணுகூடத் தேறலை. எல்லையில இருந்து மினி லாரியில ஓட்டிட்டு வந்தது எங்க அத்தான்தான். ஸ்கூல் வேன் டிரைவர். தூங்குற பிள்ளையைக் கொண்டு வர்ற மாதிரி கொண்டு வந்தேன்னு தலையில அடிச்சுக்கிட்டார். யாரு கேட்டா? வண்டியைப் பள்ளத்துல விட்டு உடைச்சிட்டாருன்னு வேலையை விட்டு எடுத்துட்டாங்க. இப்ப அவர் பேரே பள்ளம். 'பள்ளம் வருது, ஒதுங்கு'ன்னு பொடிசுங்ககூடக் கேலி பண்ணுது. நானும் வாய்க்கு வந்தபடி ஏசிட்டேன். அக்கா என் முகத்துல முழிக்கிறதில்லை."

தலைமையாசிரியை டீ டம்ளரை அவள் பக்கம் நகர்த்தினார். அவள் அதைத் தொடவில்லை.

"ஒண்ணு மட்டும் உறுத்துது சார். லென்ஸ்ல பூஞ்சை இருந்துச்சு. வண்டி குலுங்கினா பூஞ்சை வருமா? பெட்டியில வைக்கும்போது நல்லாத்தானே இருந்துச்சு?"

தலைமையாசிரியை சுவரைப் பார்த்தார். இரண்டு சொல்லில் முடிந்திருக்க வேண்டியது. தவளை சாரின் வாயிலிருந்து வந்தது வேறு.

"வழியில ஈரம் பட்டிருக்கும்மா. தார்ப்பாய் சரியாப் போடலை போல."

அவள் மெல்லத் தலையசைத்தாள். "நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்."

அந்த இரண்டு வாரமும் மாலையில் வகுப்பு முடிந்ததும், ஆய்வகத்து நல்ல மைக்ராஸ்கோப்புகளை அவளே துடைத்து, ஒவ்வொன்றுக்கும் துணி போர்த்தினாள். "ஈரம் படக்கூடாதில்ல சார்" என்பாள். தவளை சார் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வார். திருடனுக்குத் தேள் கொட்டிய கதைதான், கத்தவும் முடியாது.

வீட்டில் மனைவி கேட்டாள்: "என்னங்க, சோத்துல கல்லா?"

"இல்லையே."

"பின்ன ஏன் ஒரு வாய்ச் சோத்தையே இவ்வளவு நேரமா மென்னுக்கிட்டு இருக்கீங்க?"

அவர் தட்டிலேயே கை கழுவிவிட்டு எழுந்தார்.

கடைசி நாள் வழியனுப்பப் பேருந்து நிலையத்துக்குப் போனார். அவள் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்துவிட்டாள். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

"பெட்டியில வைக்கும்போதே அதெல்லாம் போனதும்மா. எனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் வச்சேன்."

அவள் மடியிலிருந்த பையின் ஜிப்பை இழுத்து மூடினாள்.

"போனதை அனுப்பினது கூடப் பரவாயில்லை" என்றாள். "தார்ப்பாய்னு சொன்னீங்களே சார்."

அவர் ஜன்னல் கம்பியிலிருந்து கையை எடுத்தார்.

"நான் போய்ச் சொன்னா, அக்கா புருஷனைக் காப்பாத்தக் கதை கட்டுறான்னுதான் சொல்வாங்க. நீங்க வந்து, ஊருக்கு முன்னால ஒரு வார்த்தை சொல்லுங்க. இன்னிக்கே வேணாம். லீவு போட்டுட்டு வாங்க."

"வரேன்மா" என்றார். சொன்னபோது போகத்தான் நினைத்தார்.

போகவில்லை. முதலில் பரீட்சை வந்தது. பிறகு மகள் கல்யாணம். பிறகு முழங்கால் வலி. ஆனால் அடுத்த வருஷம் நல்ல மைக்ராஸ்கோப்புகளாகப் பொறுக்கி அனுப்பினார். அவை பத்திரமாகப் போய்ச் சேர்ந்தன. அதனாலேயே, ஓட்டுகிறவன் ஓட்டினால் ஒன்றும் ஆகாது என்று அந்த ஊர் முடிவுகட்டிவிட்டதாம். அடுத்த பயிற்சிக்கு வந்த ஆசிரியர்தான் இதைச் சொன்னார்.

தலைமையாசிரியை ஓய்வு பெற்று மகன் வீட்டில் இருக்கிறார். அந்த டீச்சர் ஊரில் போய் உண்மையைச் சொன்னாள். அவள் நினைத்தபடியே யாரும் நம்பவில்லை. அக்கா மட்டும் நம்பினாள், பேச ஆரம்பித்தாள். அங்கே ஆய்வகச் சுவரில் மாட்டியிருக்கும் நன்றிப் பலகையில் தவளை சாரின் முழுப்பெயர் இருக்கிறது. பள்ளம் அடுத்த ஊரில் செங்கல் லாரி ஓட்டுகிறார். அங்கேயும் அவரை அப்படித்தான் கூப்பிடுகிறார்கள்.