மூத்தவள் விதைக்காத நிலம்

மார்ச் 14, திங்கள். இன்று சபையில் மக்காச்சோள விதை கொடுத்தோம். விதவைகள் இருபத்தாறு பேர். ஒரு சிறு தவறு செய்தேன். பிள்ளைகள் அதிகம் உள்ள வீட்டுக்கு முதலில் என்று பட்டியல் போட்டிருந்தேன். அதனால் இறந்துபோன ஓகோலாவின் வளவில் இளைய மனைவியான பிலிஸ்டாவுக்கு இன்றே கிடைத்துவிட்டது. மூத்தவள் துர்ஃபேனாவின் முறை வருவதற்குள் விதை தீர்ந்துபோனது. அடுத்த திங்கள் சரிசெய்ய வேண்டும். நாளைய வேலை: ஒடியேரோவின் அநாதைப் பிள்ளைகள் மூவருக்கும் சட்டை அளவு எடுப்பது.

எழுதி முடித்து ரிஸ்பர் ஒருமுறை படித்துப் பார்த்தாள். மாலை வகுப்பு வாத்தியார் வசோங்கா சொன்னபடிதான் எழுதியிருந்தாள்: தேதி, செய்தது, தவறியது, நாளைய வேலை. வகுப்பில் மற்றவர்கள் எல்லாம் "இன்று தவறேதும் இல்லை" என்று ஒரு வரியில் முடித்துவிடுவார்கள். ரிஸ்பருக்கு அப்படி ஒரு நாளும் அமைந்ததில்லை. ஆனாலும் அன்று ஒன்றை அவள் எழுதாமல் விட்டிருந்தாள்.

காலையில் சபை வராந்தாவில் பெண்கள் வரிசையாக நின்றிருந்தார்கள். "போன வருஷம் குடுத்தது முளைச்சுப் பார்த்தா பாதி புல்லு. இந்த வருஷம் மாட்டையும் சேர்த்துக் குடுத்துடு, ரிஸ்பர்" என்று ஒருத்தி சொல்ல, வரிசை முழுதும் சிரித்தது. பிலிஸ்டா தன் பங்கான இரண்டு பொட்டலங்களையும் வாங்கிக்கொண்டு நகராமல் நின்றாள்.

"அக்காவுக்கு?"

"அடுத்த வாரம் வந்துடும்க்கா. லாரியில கம்மியா ஏத்திட்டாங்க."

"அப்ப நானும் அடுத்த வாரமே போட்டுக்கறேன். மூத்தவ விதைக்காம நான் எப்படி மண்ணைத் தொடறது?"

ரிஸ்பர் வானத்தைப் பார்த்தாள். ஏரிப் பக்கம் கறுத்துக் கிடந்தது. "மழை உங்க ரெண்டு பேரையும் கேட்டுட்டா பெய்யுது? இன்னிக்கே போட்டுடுங்க. அதெல்லாம் நமக்கு இல்லைன்னு பாஸ்டர் போன ஞாயித்துக்கிழமை அவ்வளவு சொன்னாரே."

"வீட்டுல நாலு வயிறும் அதைத்தான் சொல்லுது" என்று சிரித்துவிட்டுப் பிலிஸ்டா போனாள். அன்று மதியமே விதைத்தும் விட்டாள்.

ரிஸ்பருக்கு அந்த வழக்கம் தெரியாததல்ல. ஒரு வளவில் முதல் மனைவியின் கைதான் முதலில் விதை போட வேண்டும். அவளுக்குப் பின்தான் அடுத்தவள். வரிசை மாறினால் வளவுக்குள் சிரா என்கிற சாபம் நுழையும், அது வீட்டிலேயே சின்ன உயிரைத்தான் தேடும் என்பார்கள். ரிஸ்பரின் அம்மாவே வருஷா வருஷம் மூத்த ஓரகத்தி விதைக்கட்டும் என்று காத்திருப்பவள். ஆனால் பட்டியல் ரிஸ்பரின் கையில் இருந்தது. பாஸ்டர் நாஷோன் அதைப் பார்த்து, "சபையிலேயே ஒழுங்கா வேலை செய்யறவ நீதான்" என்று பாராட்டியும் இருந்தார்.

அடுத்த திங்கள் துர்ஃபேனாவின் பங்கை அவளே சுமந்துகொண்டு போனாள். துர்ஃபேனா வாசலில் உட்கார்ந்து அவரைக்காய் உரித்துக்கொண்டிருந்தாள். முதுகில் அச்சோலா கட்டப்பட்டிருந்தாள். தகப்பன் இறந்த பின் பிறந்த குழந்தை என்பதால் அந்தப் பெயர். இரண்டு வயது. மூத்தவள் வயிற்றில் பிறந்து தங்கியது அது ஒன்றுதான்.

"வெச்சிட்டுப் போ" என்றாள் துர்ஃபேனா.

"எப்பம்மா விதைக்கப் போறீங்க?"

"அதான் விதைச்சாச்சே."

"யாரு?"

"இந்த வளவுல விதைச்சாச்சு. நீதானே குடுத்தே."

பொட்டலங்களை ஒரு துணியில் முடிந்து கூரைக் கம்பில் தொங்கவிட்டாள். கள்ளி வேலிக்கு அந்தப் பக்கம் பிலிஸ்டாவின் நிலத்தில் பச்சை முனைகள் கிளம்பியிருந்தன. இந்தப் பக்கம் கொத்திப் புரட்டிய மண் அப்படியே வெறுமையாகக் கிடந்தது. ஓகோலா இறந்த நாளிலிருந்து இரண்டு பெண்களும் ஒரே அடுப்பில் சமைத்துக்கொண்டிருந்தவர்கள். இப்போது இரண்டு கூரைகளிலிருந்தும் தனித்தனியே புகை எழுந்தது.

கிளம்பும்போது ரிஸ்பர் குழந்தையின் காலைத் தொட்டாள். சுட்டது. "நாளைக்கே சுகாதார நிலையத்துக்குக் கூட்டிட்டுப் போங்கம்மா" என்றாள். துர்ஃபேனா போனாள். காய்ச்சல் மருந்து தீர்ந்துவிட்டது, வியாழக்கிழமை வா என்றார்கள். வியாழக்கிழமையும் போனாள். பாதி மருந்துதான் கிடைத்தது. ஒரு வாரம் குழந்தை தேறுவது போலிருந்தது. ஏப்ரல் இரண்டாம் தேதி, சனிக்கிழமை, தாயின் முதுகிலேயே அச்சோலா இறந்துபோனாள். அது தெரியாமல் துர்ஃபேனா கிணற்றடியிலிருந்து வீடு வரைக்கும் அவளோடு பேசிக்கொண்டே நடந்திருக்கிறாள்.

மறுநாள் ஆராதனை முடிந்ததும் வளவிலேயே புதைத்தார்கள். பிலிஸ்டா தன் நாலு பிள்ளைகளோடு மாமரத்தடியில் உட்கார்ந்திருந்தாள். அவளைச் சுற்றிப் பத்தடிக்கு ஆள் இல்லை. ஒரு குவளை தண்ணீர் கொண்டுபோய் மூத்தவளிடம் நீட்டினாள். துர்ஃபேனா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

மண் தள்ளி முடிந்ததும் ஓகோலாவின் தம்பி ஓயோ எழுந்தான். கணவன் இறந்த வருஷமே பிலிஸ்டாவைத் தனக்குக் கட்டிவைக்கச் சொன்னவன் அவன். அவள் சபையின் பக்கம் நின்று மறுத்துவிட்டாள்.

"உங்க வயல் நல்லா பச்சைப்பசேல்னு இருக்கு, அண்ணி" என்றான். "பார்க்கவே கண்ணு குளிருது. அந்தப் பச்சைக்கு என்ன விலை குடுத்தோம்னு இப்பத்தான் குழியில பார்த்தோம். அந்தப் பயிர் நிக்கற வரைக்கும் இந்தப் பொம்பளை இந்த வளவுல இருக்கக் கூடாது. புள்ளைங்க எங்க ரத்தம், இங்கயே இருக்கட்டும். அவ பொறந்த வீட்டுக்குப் போகட்டும்."

ரிஸ்பர் எழுந்தாள்.

"விதைக்கச் சொன்னது நான். அவங்க காத்திருக்கேன்னுதான் சொன்னாங்க. நான்தான் கேக்கலை. தப்பு என்னோடது."

உண்மையைச் சொல்லிவிட்டால் பிலிஸ்டாவின் மேலிருக்கும் பாரம் இறங்கிவிடும் என்று அவள் நம்பியிருந்தாள். ஓயோ சிரித்தான்.

"தெரியுமே! காகிதத்தைப் பார்த்து வளவு நடத்தறவ நீ. வாய் உன்னுது, சரி. மண்ணைத் தொட்ட கை யாருது?"

பாஸ்டர் நாஷோன் கையை உயர்த்தினார். இரண்டு நாளாகத் தூங்காத முகம். அந்த மாதத்தில் அவர் புதைத்த மூன்றாவது குழந்தை அது. "பிள்ளையைக் கொண்டுபோனது காய்ச்சல். வயலுக்கும் அதுக்கும் சம்பந்தமில்லை. இருபது வருஷமா இதைத்தான் சொல்லிட்டிருக்கேன். பிலிஸ்டா, ஒரு செடியைக்கூடப் புடுங்காதே. நீ புடுங்கினா, இங்க இருக்கற ஒவ்வொரு விதவையையும் நாளைக்கு மிரட்டுவாங்க. ஒரு வாரம் பொறு, நான் பெரியவங்ககிட்டப் பேசறேன்."

அவர் சொன்னதில் பிழை இருப்பதாக ரிஸ்பருக்குத் தோன்றவில்லை. அன்று நாட்குறிப்பில் தேதியை மட்டும் எழுதினாள். திங்கள், செவ்வாய் இரண்டு நாளும் வகுப்புக்குப் போகவில்லை.

புதன்கிழமை காலை அவள் போனபோது பிலிஸ்டா வயலில் குனிந்து நின்றிருந்தாள். பயிர் முழங்காலைத் தொடுவதற்குச் சற்றுக் கீழே, தடித்த தண்டோடு நின்றது. முதல் வரிசை பிடுங்கிக் குவிக்கப்பட்டிருந்தது.

"அக்கா, என்ன செய்யறீங்க? பாஸ்டர் வேண்டாம்னாரே."

"அவரு சொல்றது சரிதான். காய்ச்சல்தான் கொண்டுபோச்சு. எனக்கும் தெரியும்."

"ஓயோவுக்குப் பயந்தா?"

"அவன் கெடக்கான், அவனுக்கு என் நிலத்து மேல கண்ணு." பிலிஸ்டா நிமிரவில்லை. "என் கடைசி ரெண்டு புள்ளைங்களுக்கும் தொப்புள்கொடி அறுத்தது அக்காதான். அன்னிக்கு என் கையால தண்ணி வாங்கலை, பார்த்தியா? அவங்க என்ன நம்பறாங்களோ அதுதான் எனக்குக் கணக்கு. நான் சரியா இருந்து என்ன பண்ண, அவங்க அந்தப் பக்கம் ஒத்தையா உக்காந்திருக்கும்போது?"

"புள்ளைங்க சாப்பாடுக்கா இது."

"தெரியாமலா புடுங்கறேன்?"

வழக்கம் விடாமல் ரிஸ்பர் வரிசைகளை எண்ணினாள். முப்பத்தொன்று. பிறகு செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு அடுத்த வரிசையில் இறங்கினாள். ஈர மண்ணிலிருந்து செடிகள் சுலபமாக வந்தன. அதுதான் அவளுக்குத் தாங்க முடியாமல் இருந்தது. பிலிஸ்டாவின் மூத்த மகன் வேலியோரம் நின்று பார்த்துவிட்டு, தம்பிகளை உள்ளே கூட்டிக்கொண்டு போனான்.

பத்தொன்பதாவது வரிசையில் வேலிக்கு அப்பால் துர்ஃபேனா வந்து நின்றாள். முதுகில் கட்டும் துணி இடுப்பில் தளர்ந்து கிடந்தது.

"வேரோட எடுடி, பொண்ணே" என்றாள் ரிஸ்பரிடம். "பாதியில அறுத்துட்டா திரும்பத் துளிர்க்கும். பள்ளிக்கூடத்துல இதெல்லாம் சொல்லித் தரமாட்டாங்களா?"

வேலி இடைவெளி வழியாக உள்ளே வந்து கடைசி வரிசையில் குனிந்தாள். மூவரும் சேர்ந்து பிடுங்கினார்கள். வெயில் ஏறியபோது பச்சைக் குவியல் ஒன்று வாடத் தொடங்கியிருந்தது. துர்ஃபேனா கையைப் புல்லில் துடைத்தாள்.

"கூரையில ரெண்டு பொட்டலம் இருக்கு. விடிஞ்சதும் நான் போடறேன். அப்புறம் மிச்ச பொட்டலத்தை நீ எடுத்துக்கோ."

"அது உங்க பங்குக்கா."

"ஒரு வயித்துக்கு எதுக்கு ரெண்டு?"

பிலிஸ்டா குவியலின் பக்கத்தில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டாள்.

"அழாதே" என்றாள் துர்ஃபேனா. "நான் இன்னும் அழுது முடிக்கலை."

அன்று மாலை ரிஸ்பர் வகுப்புக்குப் போனாள். கடைசி பெஞ்சில் உட்கார்ந்து நோட்டைத் திறந்தாள். மண் படிந்த நகங்களோடு எழுதினாள்.

ஏப்ரல் 6, புதன். ஓகோலா வளவில் முப்பத்தொரு வரிசை பிடுங்கினோம். மார்ச் 14 அன்று எழுதாமல் விட்டது: பிலிஸ்டா காத்திருக்கிறேன் என்றார், நான்தான் விதைக்கச் சொன்னேன். சிறு தவறு என்று எழுதியிருந்ததை அடித்துவிட்டேன். தாமதமாக விதைப்பதால் விளைச்சல் பாதிகூட வராது. ஆகஸ்டில் அந்த இரண்டு வீட்டுக்கும் மாவு தேவைப்படும். நாளைய வேலை: காலை ஆறு மணிக்கு அங்கே இருப்பது. முதலில் துர்ஃபேனா, பிறகு பிலிஸ்டா. விதைத்து முடிந்ததும் பாஸ்டரிடம் போய், நானும் பிடுங்கினேன் என்று சொல்வது.