செவ்வாய்க்கிழமைக்கு முன்

பாமிடெலே கழுத்தில் துணியைச் சுற்றிக்கொண்டு தவமணியின் கதவைத் தட்டினார். ரொறன்ரோவின் மோர்னிங்சைட் பகுதியில் இருவரும் ஒரே மாடியில் குடியிருந்தார்கள். அவள் தமிழ் நாடகங்களில் நடிப்பவள். அவரோ நைஜீரியாவில் சொந்தக் குழு வைத்து, யொரூபா மொழியில் நாடகங்கள் எழுதி, ஊர் ஊராகப் போய் நடித்தவர். ஆட்சியிலிருந்த ஜெனரலைக் கேலி செய்ததற்காகப் படையினர் குழுவின் வான் வண்டியைக் கொளுத்தியபோது ஓடிவந்தவர். ரொறன்ரோவில் கிடைத்தது மிசிசாகாவில் காவலாளி வேலையும், சினிமாவில் பிணமாகக் கிடக்கும் வேஷங்களும்தான்.

"செவ்வாய்க்கிழமை என் குரல்வளையை வெட்டி எடுக்கிறார்கள். புற்றுநோய்," என்றார் கரகரத்த ஆங்கிலத்தில். "அதற்குள் ஒருமுறை நான் மேடையேற வேண்டும். உன் மண்டபத்தைத் தருவாயா?"

பக்கத்து வோபர்னில் தவமணி ஞாயிறு ஒத்திகைக்கென்று ஒரு மண்டபம் வாடகைக்கு எடுத்து வைத்திருந்தாள். கணவன் அன்புராசா தடுத்தான்.

"டொக்டர் அவரைக் கதைக்க வேண்டாமெண்டு சொன்னவரெல்லோ? மேடையில ஏதும் நடந்தா ஆர் பதில் சொல்லுறது?"

"இப்ப கதைக்காட்டி அவர் இனி எப்பவப்பா கதைக்கிறது? நான் குடுக்கப்போறன்."

ஞாயிறன்று யொரூபாக்காரர்கள் குடும்பம் குடும்பமாக வந்து நிரம்பினார்கள். நாடு கடத்தப்படும் அரசன் ஒருவன் புறப்படுமுன் தன் மக்களிடம் நியாயம் கேட்கும் நாடகம். பாமிடெலே தனியாளாக நடித்தார். தொடக்கத்தில் அந்தக் குரல் சுவரில் மோதித் திரும்பியது. தவமணிக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை. ஆனாலும் திரையை விலக்கிப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

பாதியில் குரல் உடைந்தது. பிறகு வெறும் மூச்சானது. அவர் இருமினார், வெள்ளை அங்கியில் இரத்தம் தெறித்தது. நடிப்பென்று நினைத்துச் சனம் கைதட்டியது. அவர் வெறிபிடித்தவர்போல் இரண்டு கைகளையும் வீசி அவர்களை நிறுத்தினார்.

தவமணி திரைக்குப் பின்னாலிருந்து ஓடிவந்தாள். "போதும், நிறுத்துங்கள்!"

அவளைத் தள்ளிவிட்டார். மேடை விளிம்புவரை வந்து, மிச்ச நாடகம் முழுவதையும் ஓசையில்லாமல் பேசினார். கழுத்து நரம்புகள் புடைத்து நின்றன. இது நடிப்பல்ல என்று சனத்துக்கு அப்போதுதான் புரிந்தது. ஒருவரும் எழும்பவில்லை. முன்வரிசையில் ஒரு பெண் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

முடிந்ததும் தவமணியின் தோளில் சரிந்தார். உதட்டை அவள் காதோடு ஒட்டினார்.

"அவர்களுக்குக் கேட்டதா?"

"கேட்டது," என்றாள். "எல்லாம் கேட்டது."

அவர் நம்பவில்லை என்று கண்களில் தெரிந்தது.

செவ்வாய்க்கிழமை குரல்வளையை எடுத்தார்கள். இரண்டு நாள் கழித்துத் தவமணியும் அன்புராசாவும் ஆஸ்பத்திரிக்குப் போனபோது, அவர் கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். அவளைக் கண்டதும் வாயைத் திறந்தார். கழுத்திலிருந்த துளையால் காற்று மட்டும் சீறியது. மறுபடி முயன்றார். மறுபடியும் காற்று.

"அவரைக் கதைக்கிறதை விடச் சொல்லு தவம், பாக்க ஏலாமக் கிடக்கு," என்றான் அன்புராசா.

தவமணி அவர் கையைப் பிடித்தாள். பாமிடெலே அதை உதறிவிட்டு, முகம் கறுத்துச் சிவக்க, மீண்டும் வாயைத் திறந்தார்.