மாடியில் ஒரு வேலை

மேலூர் ரோட்டில் புது வீட்டுக்குப் பால் காய்ச்சிய அன்று, வாசலில் நின்று சந்தனமும் கற்கண்டும் நீட்டுகிற பொறுப்பு மட்டுவார்குழலிக்கு வந்து சேர்ந்தது. நாலு பேர் முன்னால் நின்றாலே அவளுக்கு வாய் ஒட்டிக்கொள்ளும். பி.எஸ்சி. கெமிஸ்ட்ரி வைவாவில்கூடப் பாதிக் கேள்விக்குத் தலையைத்தான் ஆட்டினாள்.

மயிலம்மாளைப் பார்த்ததும் மட்டும் சிரிப்பு தானாக வந்தது. வீடு கட்டி முடிகிற வரை சித்தாளாகக் கல்லும் கலவையும் சுமந்தவள். லால்குடியிலிருந்து பஸ்ஸில் வருவாள். டீ கொண்டுபோகும் குழலியை நிறுத்தி வைத்துக் கேலி பேசுவாள். யாரிடமும் கேட்காமல் அவளுக்குப் பத்திரிகை வைத்தது குழலிதான். இன்று அரக்குப் பட்டு, தலை நிறையப் பூ, கையில் ஜிகினாத் தாள் சுற்றிய கடிகாரம்.

“என்ன பாப்பா, அடையாளம் தெரியலையா? சிமெண்டைக் கழுவினா நானும் அழகுதான்.”

குழலி அவளை அழைத்துப்போய் முதல் பந்தியிலேயே உட்கார வைத்தாள்.

இலையில் கேசரி விழுந்த நேரம், மணிமேகலை அத்தை குழலியைச் சமையலறைக்குள் இழுத்தாள். வேலை செய்தவர்களுக்குப் பந்தியெல்லாம் முடிந்தபிறகு, சேலை வேட்டி கொடுத்துத் தனிச் சாப்பாடு என்றுதானே பேச்சு? மயிலம்மாளுக்குப் பக்கத்து இலையில் இருப்பது குழலியின் அக்காவுக்கு மாமியார். அந்த அம்மாள் இன்னும் இலையைத் தொடவில்லை. இது யார் என்று கேட்டாகிவிட்டது. உட்கார வைத்தவளே எழுப்பட்டும் என்றாள் அத்தை.

நான்தான் கூப்பிட்டேன் என்று சொல்ல வாயெடுத்தாள் குழலி. மாமியார் வீட்டில் அக்கா படப்போவதை நினைத்ததும் திரும்பி நடந்தாள். இலைமுன் இருப்பவளை எழுந்திரு என்று எப்படிச் சொல்வது? பந்திக்குப் போகிற வழியில் ஒரு பொய் கிடைத்தது.

“அக்கா, மாடியில ஒரு சின்ன வேலை இருக்கு. கொஞ்சம் வரீங்களா?”

மயிலம்மாள் ஏன் என்று கேட்கவில்லை. வாய்க்குக் கொண்டுபோன கேசரியை இலையில் வைத்துவிட்டு எழுந்தாள். படியேறும்போதே பட்டு முந்தானையை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

மொட்டை மாடியை நேற்றே கழுவி விட்டிருந்தார்கள்.

“சொல்லு பாப்பா, எதைத் தூக்கணும்?”

ஒரு செங்கல், ஒரு குப்பைக் கூடையாவது கண்ணில் படாதா என்று குழலி தேடினாள். எதைத் தேடுகிறோம் என்று உறைத்ததும் உடம்பெல்லாம் கூசியது.

“வேலை ஒண்ணும் இல்லக்கா.”

கீழே யாரோ சாம்பார் கேட்டார்கள். மயிலம்மாள் அதைக் கேட்டபடி சற்று நின்றாள். அவளுக்கு விளங்கிவிட்டது. செருகிய முந்தானையை எடுத்து மடிப்பை நீவி விட்டாள்.

“எந்திரின்னு சொல்லியிருந்தா எந்திரிச்சுப் போயிருப்பேன். வேலைன்னு கூப்பிட்டுட்டியே பாப்பா.”

குரலில் கோபம் இல்லை. மயிலம்மாள் இறங்கத் தொடங்கிவிட்டாள். மாடிப்படி கூடத்துக்குள்தான் இறங்குகிறது. சாப்பிடுகிறவர்கள் நடுவே, கழுவாத கையோடு அவள் வாசலுக்குப் போக வேண்டும்.

கூடவே வாசல் வரையாவது போகலாம். குழலி இரண்டு படி இறங்கினாள். கூடத்தில் பேச்சு சட்டென்று அடங்கியது கேட்டது. அங்கேயே நின்றுவிட்டாள்.