தோற்றவனுக்குச் சூடு

...சீ, மிட்டாய் கொடுக்கிறார், மீசை நரைக்கத் தொடங்கிவிட்ட என் தம்பிக்கு இந்தப் போலீஸ்காரர் இழுப்பறையிலிருந்து மிட்டாய் எடுத்து நீட்டுகிறார், "சா...ப்...பி...டு" என்று கத்துகிறார், இவனுக்குக் காது நன்றாகத்தான் கேட்கும், புத்திதான் கொஞ்சம் மெதுவாக வரும், இதை விளக்கி விளக்கியே எனக்குத் தொண்டைத் தண்ணீர் வற்றிவிட்டது. இவன் கையில் முழங்கை முதல் மணிக்கட்டு வரை சிகரெட்டால் சுட்ட வட்டங்கள், சில ஆறியவை, சில இன்னும் ஈரமாக... மாடிவீட்டுக்காரன்தான், வேறு யார், கீழ்வீட்டில் இவன் தனியாக இருப்பது அவனுக்குத்தானே தெரியும், ஆனால் இவன் வாயால் சொன்னால்தான் வழக்காம், "யாருடா சுட்டா?" என்றால் "சீட்டுல தோத்துட்டேன் சார்" என்கிறான், போலீஸ்காரர் என்னிடம், "பாருங்கம்மா, விளையாட்டுங்கிறான், இதுக்கெல்லாம் கேஸா?" என்று பல்லைக் காட்டுகிறார்... விளையாட்டா? உங்கள் பிள்ளை கையில் விளையாடிப் பார்க்கச் சொல்லட்டுமா, தூ.

நல்லவேளை, இவனைப் போன்றவர்களிடம் பேசப் பயிற்சி எடுத்த போலீஸ்காரம்மா வந்துவிட்டார், அந்த ஆளை வெளியே அனுப்பிக் கதவைச் சாத்துகிறார், நாற்காலியை இவன் பக்கம் இழுத்துப்போடுகிறார், நான் வாயைத் திறந்ததும், "அக்கா, நீங்க சொல்லாதீங்க, அவரு சொல்லட்டும்" என்கிறார், எனக்குச் சுருக்கென்கிறது... "தோத்தா என்ன ஆகும்?" கேட்டுவிட்டுச் சும்மா இருக்கிறார், எவ்வளவு நேரம்தான் இருப்பார், எனக்கு நாக்கு அரிக்கிறது. "சூடு வைப்பாங்க" என்கிறான் மெல்ல. "அவரு தோத்தா?" "அண்ணன் தோக்கவே மாட்டாரு!" சிரிக்கிறான், அதில் பெருமை வேறு, அந்த நாய்க்கு அண்ணன் பட்டம்... "எந்த அண்ணன்னு சொல்றீங்களா? சொன்னா, அவரு இனிமே உங்ககிட்ட வராம நாங்க பாத்துக்குவோம்." சொல்லுடா, என் ராசா, சொல்லித் தொலை... அவன் என் பக்கம் திரும்புகிறான். "அப்ப ஞாயித்துக்கிழமை என்கூட யாரு அக்கா சீட்டு விளையாடுவா?" நான் இருக்கேன்டா... வாய்வரை வந்தது, அங்கேயே நின்றுவிட்டது, போலீஸ்காரம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் காத்திருக்கிறார், இப்போது என் பதிலுக்கு, ஞாயிறென்றால் எனக்குத் துணி, பிள்ளைகள், மதியத் தூக்கம், நடுவில் போனில் ஒரு "சாப்டியாடா?", அவன் "ம்" என்பதற்குள் வைத்துவிடுவேன், சீ, என்ன பிழைப்பு இது... அந்த நாய் மட்டும் ஒரு வாரம்கூடத் தப்பாமல் சீட்டுக்கட்டோடு வந்து கதவைத் தட்டியிருக்கிறது.